பனையின் குழந்தைக்குப் பெயர் என்ன?



இன்று ஒரு சின்ன விளையாட்டோடு தொடங்குவோமா? நான் பெரியதைச் சொல்வேன். அதன் குழந்தையின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டும்.

பசு? கன்று! கோழி? குஞ்சு! நாய்? குட்டி!

சபாஷ்! இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. நெல்லின் குழந்தைக்குப் பெயர் என்ன? மாமரத்தின் குழந்தை? தென்னையின் குழந்தை? பனையின் குழந்தை?

"எல்லாமே செடிதானே பாட்டி!" என்றாள் என் பேத்தி. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களைக் கோபித்துக் கொள்ள எனக்கு உரிமையே இல்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தவள்தான். அதுவும் கையில் சிவப்பு மைப் பேனாவை வைத்துக்கொண்டு! அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்துக்கு இரண்டு

1983ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருச்செந்தூர்ப் பக்கம், செம்மண் தேரியை ஒட்டிய சிற்றூர். பள்ளியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பனைமரங்கள். நானோ நகரத்தில் வளர்ந்தவள். பனையை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

ஐந்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு. "தாவரங்களின் இளமைப் பெயர்கள் ஐந்து எழுதுக" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: நெல் நாற்று, மாங்கன்று, தென்னம்பிள்ளை, விளாங்குட்டி, வடலி.

முதல் இரண்டுக்கு மதிப்பெண் போட்டேன். மற்ற மூன்றையும் சிவப்பு மையால் அடித்தேன். "மரத்துக்கு ஏதப்பா பிள்ளையும் குட்டியும்? வடலி என்றால் என்ன?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"எங்க தாத்தா அப்படித்தான் சொல்லுவாவ டீச்சர்" என்றான் அவன்.

"உங்க தாத்தாவா பரீட்சை எழுதினார்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்து கொண்டான். அதற்குப் பிறகு வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை.

யார் சொன்னது சரி? நானா, அந்தத் தாத்தாவா? கொஞ்சம் பொறுங்கள். அதைத் தெரிந்துகொள்ள நாம் விதையிலிருந்து புறப்பட வேண்டும். விதை எங்கே கிடைக்கும்? வேறெங்கே, உங்கள் வீட்டுச் சமையலறையில்தான்!

டப்பாவுக்குள் தூங்குபவர்கள்

சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு டப்பாவில் பச்சைப்பயறு இருக்கும். பக்கத்து டப்பாவில் பாசிப்பருப்பு இருக்கும். இரண்டும் ஒரே செடியில் விளைந்தவைதான். பிறகு ஏன் இரண்டு பெயர்?

பயறு என்றால் முழுசாக, தோலோடு இருப்பது. அதற்கு உயிர் உண்டு. பருப்பு என்றால் தோலை நீக்கி, இரண்டாக உடைத்தது. உடைக்கும்போது உள்ளே இருந்த குட்டிக் கரு உதிர்ந்தோ நசுங்கியோ போய்விடும். அதனால் பயறு முளைக்கும், பருப்பு முளைக்காது!

உளுந்து முளைக்கும். உடைத்த உளுத்தம்பருப்பு முளைக்காது. துவரை முளைக்கும். துவரம்பருப்பு முளைக்காது. நெல் முளைக்கும். ஆலையில் தீட்டிய அரிசி முளைக்காது. கொண்டைக்கடலை முளைக்கும். வறுத்த பொட்டுக்கடலை முளைக்காது. பார்த்தீர்களா? எது உயிரோடு இருக்கிறது, எது வெறும் உணவாகிவிட்டது என்பதை நம் வீட்டுச் சொற்களே பிரித்துச் சொல்லிவிடுகின்றன.

நன்கு காய்ந்த விதை இறந்துவிடவில்லை. தூங்குகிறது. மிக மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கிறது. ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும் என்பதால்தான் விதையைக் காய வைத்துச் சேமிக்கிறோம். அரசின் சான்று பெறும் விதை நெல்லில் நூற்றுக்கு 13 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது விதி.

ஆனால், ஈரம் கிடைத்தாலும் சில விதைகள் உடனே எழுந்திருப்பதில்லை. இதற்கு 'விதை உறக்கம்' என்று பெயர். கடினமான தோல் கரைய வேண்டும் என்றோ, வெளிச்சம் பட வேண்டும் என்றோ, குளிர்காலம் கடக்க வேண்டும் என்றோ ஒவ்வொரு விதைக்கும் ஒரு நிபந்தனை இருக்கும்.

தெரியுமா உங்களுக்கு?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 1879ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான சோதனையைத் தொடங்கினார். 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். சில ஆண்டுகளுக்கு ஒரு பாட்டில் வீதம் எடுத்து, எத்தனை விதை முளைக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அவர் காலமான பிறகும் அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் தொடர்கிறார்கள். வெளிச்சம் பட்டு விதை விழித்துவிடக் கூடாது என்று இருட்டில்தான் தோண்டுவார்கள். 2021இல் எடுத்த பாட்டிலிலும் விதைகள் முளைத்தன. 141 ஆண்டுத் தூக்கம்! அடுத்த பாட்டிலை 2040இல் எடுக்க வேண்டும். அப்போது உங்களுக்கு எத்தனை வயது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விழித்ததும் முதல் வேலை

விதை விழிக்க மூன்று பொருள்கள் வேண்டும். தண்ணீர், காற்று, அளவான வெப்பம். தண்ணீர் இருந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். நீரில் முழுக மூழ்கியே கிடந்தால் பெரும்பாலான விதைகள் மூச்சு முட்டி அழுகிவிடும். அதனால்தான் அம்மா பயறை ஒரு இரவு ஊற வைத்து, நீரை வடித்து, துணியில் கட்டித் தொங்க விடுகிறார். துணியின் ஈரமும் இருக்கிறது, காற்றும் கிடைக்கிறது. இப்படி முளைத்ததைத்தான் 'முளை கட்டிய பயறு' என்கிறோம்.

ஊறிய கொண்டைக்கடலை ஒன்றைக் கையில் எடுங்கள். துணியால் துடைத்துவிட்டு, மெல்ல அழுத்துங்கள். மூக்குப் போன்ற முனைக்குப் பக்கத்திலிருந்து ஒரு துளி நீர் கசியும். அங்கே கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டை இருக்கிறது. அதுதான் 'விதைத்துளை'. அருகிலேயே ஒரு தழும்பு தெரிகிறதா? நெற்றுக்குள் இருந்தபோது தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது. நமக்குத் தொப்புள் இருக்கிறதே, அது போல!

தோலை உரித்தால் இரண்டு பருப்புகள் பிரியும். பள்ளிப் பாடத்தில் இவற்றை 'வித்திலைகள்' என்று படிப்பீர்கள். இவை குழந்தைச் செடிக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை. இரண்டு வித்திலை இருந்தால் இருவித்திலைத் தாவரம். நெல், சோளம், தென்னை, பனை போன்றவற்றுக்கு ஒன்றே ஒன்று. அவை ஒருவித்திலைத் தாவரங்கள்.

இரண்டு பருப்புக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு துளிதான் கரு. அதன் ஒரு முனை 'முளைவேர்'. மறுமுனை 'முளைக்குருத்து'. எது முதலில் வெளியே வரும்? பெரும்பாலும் முளைவேர்தான். வீடு கட்டும் முன் அஸ்திவாரம் போடுவது போல!

விதையைத் தலைகீழாகப் போட்டால் வேர் மேலே போய்விடுமா? போகாது. எப்படிப் போட்டாலும் வேர் வளைந்து கீழேதான் போகும். பூமி இழுக்கும் திசை அதற்குத் தெரியும். 1806இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், தண்ணீரால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அவரை வகை விதைகளைக் கட்டி முளைக்க விட்டார். சுழற்சியின் வேகம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கமாக, அதாவது சக்கரத்துக்கு வெளியே, வேர்கள் நீண்டன. குருத்துகளோ சக்கரத்தின் நடுவை நோக்கி வளர்ந்தன. வேர் திசை அறிவது இந்த இழுவிசையால்தான் என்று அன்று தெரிந்தது.

செய்து பாருங்கள்!

மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்புங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும். முதலாவதில் பச்சைப்பயறு, இரண்டாவதில் கறுப்புக் கொண்டைக்கடலை, மூன்றாவதில் பாசிப்பருப்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டு, மெல்லிதாக மண் மூடி, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

ஒரு வாரத்தில் பயறு என்ன செய்யும்? கொக்கி போல முதுகை வளைத்துக்கொண்டு, தன் இரண்டு பருப்புகளையும் தலையில் சுமந்தபடி மண்ணுக்கு மேலே வரும். இது 'தரைமேல் முளைத்தல்'. புளியங்கொட்டையும் இப்படித்தான். கொண்டைக்கடலையோ, சோற்று மூட்டையை மண்ணுக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டு, குருத்தை மட்டும் வெளியே அனுப்பும். இது 'தரைகீழ் முளைத்தல்'. துவரையும் மாங்கொட்டையும் இந்தக் கட்சி.

மூன்றாவது சிரட்டை? ஒன்றும் வராது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!

தூவு, ஊன்று, பாவு, நடு

"பள்ளியில் விதை நட்டோம்" என்று சொல்கிறோம். ஆனால் வயதில் பெரியவர்கள் பேசுவதைக் கூர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு வினைச்சொல் வைத்திருப்பார்கள்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். அது பொடி விதை. ஆழத்தில் போட்டால் வெளியே வருவதற்குள் அதன் சோற்று மூட்டை காலியாகிவிடும். பூசணி விதை, அவரை விதை, பனங்கொட்டை இவற்றை ஊன்றுவார்கள். பெரிய விதை, பெரிய மூட்டை. அதனால் மண்ணுக்குள் அழுத்தி வைத்தாலும் மேலே வரத் தெம்பு உண்டு. நாற்றங்காலில் முளை கட்டிய நெல்லைப் பாவுவார்கள். வேரோடு இருக்கும் நாற்றையும் கன்றையும்தான் நடுவார்கள்.

ஆக, வினைச்சொல்லைச் சரியாகச் சொன்னாலே எவ்வளவு ஆழம் என்பதும் தெரிந்துவிடும். தனியாக அளவுகோல் வேண்டாம்!

நெல்லின் பள்ளிக்கூடம்

நெல்லின் குழந்தைப் பருவத்தில் எத்தனை சொற்கள் என்று பாருங்கள்.

முதலில் விதை நெல்லைச் சோதிப்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத நெல் பதர். அரைகுறையாக விளைந்தது கருக்காய். இவற்றைப் பிரிக்க ஒரு அருமையான வழி உண்டு. தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை மிதந்து, அதன் தலை சிறு நாணய அளவுக்கு வெளியே தெரியும். அந்த உப்பு நீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும். கனமான நல்ல நெல் அடியில் தங்கும். அதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அதன் உயிரைக் கெடுத்துவிடும்.

பிறகு ஒரு நாள் ஊற வைத்து, இன்னொரு நாள் ஈரச் சாக்கில் மூடி வைப்பார்கள். முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் பாவுவார்கள். நாற்றங்கால்தான் நெல்லின் பாலர் பள்ளி. அங்கே வளர்வது நாற்று.

எத்தனை நாள் நாற்றைப் பறித்து நடலாம்? அதற்கும் விவசாயிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. மாதத்துக்கு ஒரு வாரம்! மூன்று மாதத்தில் விளையும் நெல் என்றால் மூன்று வார நாற்று. நான்கு மாத நெல் என்றால் நான்கு வார நாற்று. திருந்திய நெல் சாகுபடி என்ற புதிய முறையில் 14 நாள் இளநாற்றையே நடுகிறார்கள்.

இடம் மாறிய நாற்று முதலில் சோர்ந்து, வெளிறிப் போகும். புதுப் பள்ளிக்கு மாறிய முதல் வாரம் உங்கள் முகமும் அப்படித்தானே இருந்தது? சில நாளில் வேர் ஊன்றியதும் பசுமை திரும்பும். அதைப் 'பச்சை பிடித்துவிட்டது' என்பார்கள். அடுத்து ஒற்றை நாற்றின் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளம்பும். அது 'தூர் கட்டுதல்'. தூர் எத்தனையோ, கதிரும் ஏறக்குறைய அத்தனை.

காய்ந்த நிலத்தில் மற்றப் பயிர்களை விதைத்தால் உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் இன்னொரு தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த மூன்றாம் நாள் தண்ணீருக்குப் பெயர் 'உயிர்த் தண்ணீர்'. முளைவேர் வெளியே வந்துவிட்ட நேரம் அது. தவறினால் குழந்தை பிழைக்காது. ஒரே ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய எச்சரிக்கை!

கிராமத்துக் கோயில் திருவிழாவில் முளைப்பாரி பார்த்திருக்கிறீர்களா? சட்டியில் தானியங்களை விதைத்து, வெயில் படாத இருட்டு அறையில் வளர்ப்பார்கள். அவை உயரமாக, வெளிர் மஞ்சளாக நிற்கும். ஏன் பச்சை இல்லை? வெளிச்சம் கிடைக்காததால் பச்சையம் உண்டாகவில்லை. வெளிச்சத்தைத் தேடித் தேடியே உயரமாகிவிட்டன.

பிள்ளை, கன்று, குட்டி

இப்போது பெயர் விளையாட்டுக்குத் திரும்புவோம்.

நெல், கேழ்வரகு, கத்தரி, மிளகாய், தக்காளி இவற்றின் குழந்தை நாற்று. கூட்டமாக வளர்த்து, பறித்து, வேறிடத்தில் நடப்படுபவை இவை.

மா, புளி, வாழை இவற்றின் குழந்தை கன்று. வாழைக்கன்று விதையிலிருந்து வருவதில்லை. தாய்வாழையின் கிழங்கிலிருந்தே கிளம்பி, பசுவின் பக்கத்தில் கன்று நிற்பது போல அதை ஒட்டியே நிற்கும்.

தென்னையின் குழந்தை தென்னம்பிள்ளை. நன்கு முற்றிய நெற்றைத்தான் விதைக்கு எடுப்பார்கள். தேங்காய்க்கு மூன்று கண் உண்டு அல்லவா? அதில் ஒன்று மட்டும் மென்மையானது. அதன் வழியாகத்தான் முளை வரும். முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு போல இனிப்பாக ஒன்று இருக்குமே, தேங்காய்ப் பூ! பெயர்தான் பூ. உண்மையில் அது தென்னையின் ஒற்றை வித்திலை. பருப்பையும் நீரையும் உறிஞ்சிக் குழந்தைக்கு ஊட்டும் வாய் அது. அடுத்த முறை தள்ளுவண்டியில் தேங்காய்ப் பூ வாங்கித் தின்னும்போது இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

விளாமரத்தின் குழந்தை விளாங்குட்டி. பனையின் குழந்தை வடலி. சிலர் மடலி என்பார்கள்.

ஆம் குழந்தைகளே, அந்தத் தாத்தா சொன்ன பெயர்கள் அத்தனையும் சரி!

இது அந்த ஊர்ப் பேச்சு மட்டும் அல்ல. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் இலக்கண நூல் தொல்காப்பியம். அதில் மரபியல் என்று ஒரு பகுதி. எந்த உயிரின் குழந்தையை எந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. செடி கொடி மரங்களின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்களைச் சொல்லலாம் என்கிறார் தொல்காப்பியர். நெல்லுக்கும் புல்லுக்கும் மட்டும் இவை பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறார். நெற்பிள்ளை, புற்கன்று என்று இன்றும் யாரும் சொல்வதில்லை, பாருங்கள்! "மரத்துக்கு ஏதப்பா பிள்ளை?" என்று நான் கேட்ட கேள்விக்குத் தொல்காப்பியரே பதில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்க்காமல் பேனாவை எடுத்தது என் தவறு.

குருத்தா, கொழுந்தா?

இலையின் குழந்தைக்கும் பெயர்கள் உண்டு. மாவுக்குத் தளிர். வேம்புக்கும் தேயிலைக்கும் கொழுந்து. வாழைக்கும் தென்னைக்கும் பனைக்கும் குருத்து. ஏன் பனைக்குக் கொழுந்து இல்லை?

வேம்பைப் பாருங்கள். ஒவ்வொரு கிளை நுனியிலும் கொழுந்து விடும். நான்கைக் கிள்ளினாலும் நாற்பது துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் கிளை இல்லை. உச்சியில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் புது ஓலை வரும். சுருண்டு, மடிந்து, ஈட்டி போல வரும் அதுதான் குருத்து. அந்த ஒரு குருத்து முழுதாக அழுகினால் மரமே போய்விடும். காண்டாமிருக வண்டு தென்னங்குருத்தைக் குடைகிறது என்றால் விவசாயி பதறுவது அதனால்தான். கொழுந்து என்றால் கிள்ளலாம். குருத்து என்றால் கை வைக்காதே! சொல்லே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

தெரியுமா உங்களுக்கு?

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடுகள் உள்ளன. உப்பும் சேறும் நிறைந்த இடம் அது. விதை கீழே விழுந்து முளைப்பது கடினம். அதனால் அங்கே சில மரங்களின் விதைகள் தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகின்றன! முருங்கைக்காய் போல நீண்டு தொங்குவது காய் அல்ல, முளைவிட்ட குழந்தை. நன்கு வளர்ந்த பிறகே அது அம்மாவை விட்டுப் பிரியும்.

மண்ணுக்குள் ஒரு வீடு

இனி அந்த 1983ஆம் ஆண்டுக் கதையின் மீதி.

அரையாண்டு விடுமுறை முடிந்து, தை மாதம் பிறந்தது. ஒரு மாலை பள்ளி விட்டு நடந்து வரும்போது, ஒரு பெரியவர் மணல் மேட்டைத் தோண்டிப் பனங்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், கிழங்கு தாரேன்" என்றார்.

அதுவரை பனங்கிழங்கு, பனைமரத்தின் வேரில் விளைவது என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு பனங்கொட்டையைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்து குழாய் போன்ற ஒன்று மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதன் முடிவில் கிழங்கு.

பனை முளைக்கும் விதமே தனி, குழந்தைகளே. மற்ற விதைகள் பெரும்பாலும் குருத்தை மேலே அனுப்பும். பனங்கொட்டையோ, குழந்தையை முதலில் கீழே அனுப்புகிறது! கொட்டையிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அதன் நுனியில் கரு இருக்கும். கொட்டைக்குள் இருக்கும் உணவெல்லாம் அந்தக் குழாய் வழியே கீழே போய்ச் சேர்ந்து கிழங்காகும். கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போல இனிக்கும் தவுன் இருக்கும். தென்னைக்குத் தேங்காய்ப் பூ செய்யும் வேலையைப் பனைக்குச் செய்வது இந்தத் தவுன். மேலே மண் காய்ந்து கொதித்தாலும், ஆழத்தில் ஈரமும் உணவும் வைத்துக்கொண்டு குழந்தை பத்திரமாக இருக்கும். பிறகுதான், அவசரமே இல்லாமல், முதல் ஓலை வெளியே தலைகாட்டும்.

இவ்வளவு ஆழத்தில் வீடு கட்டியதைப் பறித்து வேறிடத்தில் நடுவது எளிதா? அதனால்தான் பனைக்கு நாற்று விடும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றவில்லை. வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றிவிடுவார்கள்.

"எல்லாத்தையும் தோண்டிர மாட்டேன் டீச்சர். ஓரத்துல நாலஞ்சை விட்டிருவேன். அது வடலியா வரும். நான் ஏற மாட்டேன், என் பேரன் ஏறுவான்" என்றார் பெரியவர். கிழங்குக் கட்டைத் தூக்க அவருடைய பேரன் ஓடி வந்தான். என்னைக் கண்டதும் நின்றுவிட்டான்.

யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே! ஐந்துக்கு இரண்டு வாங்கிய அதே பையன்.

மறுநாள் அவன் விடைத்தாளை வாங்கி, ஐந்துக்கு ஐந்து என்று திருத்தினேன். அவனும் சிரித்தான். ஆனால் குழந்தைகளே, நான் ஒன்றைச் செய்யவில்லை. வகுப்பில் எழுந்து நின்று, "நான் சொன்னது தவறு, இவன் தாத்தா சொன்னதுதான் சரி" என்று எல்லாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். சிரித்தது வகுப்பு முழுவதும். திருத்தியது ஒரு தாளில் மட்டும். அந்த வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் வடலி என்பது தவறான சொல் என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு சொல் இப்படித்தான் காணாமல் போகிறது. அதைச் சொல்பவரைப் பார்த்து யாரோ ஒருவர் சிரித்தால் போதும்.

அதனால்தான் இன்று, இவ்வளவு ஆண்டு கழித்து, உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். பனையின் குழந்தைக்குப் பெயர் வடலி. அந்த விடை சரி.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

பயப்படாதீர்கள், இதற்கு மதிப்பெண் கிடையாது! ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர், காய்கறி விற்கும் அம்மா என்று யாரிடமாவது இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. நீங்கள் சின்ன வயதில் என்ன விதைத்தீர்கள்?
2. அது முளைத்ததும் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்?
3. அது நல்ல விதை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கேள்விப்படாத சொல் ஒன்று வந்தால் சிரிக்காதீர்கள். "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பின்னால் ஒரு செடியின் கதையே இருக்கும்.

மூளைக்கு வேலை

1. உளுந்து, அரிசி, பொட்டுக்கடலை – இவற்றில் முளைப்பது எது?
2. இடம் மாறிய நாற்று தெளிந்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வார்கள்?
3. தேங்காய்ப் பூ உண்மையில் தென்னையின் எந்த உறுப்பு?
4. ஊன்றுவது எதை? நடுவது எதை?

விடைகள்: 1. உளுந்து. 2. பச்சை பிடித்துவிட்டது. 3. வித்திலை. 4. விதையை ஊன்ற வேண்டும். நாற்றையும் கன்றையும் நட வேண்டும்.

என்ன குழந்தைகளே, சிரட்டையும் மண்ணும் தேடக் கிளம்பிவிட்டீர்களா? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். உங்களையும் சேர்த்துத்தான்!